வாசலுக்கு வந்த பாறை

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான், மாடியில் ஒழுகும் குழாய் எல்லோரும் நலம். நீயும் நலமாகவே இருப்பாய். அரசாங்கச் செலவில் வெளிநாட்டு ஓட்டலில் படுத்திருப்பவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். இதையெல்லாம் போனில் பேசக்கூடாதா என்று கேட்பாய். நான் "தம்பி" என்று ஆரம்பித்ததுமே "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வெட்டிவிடுகிறாயே, எங்கே பேசுவது? கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. நீ மாநாட்டிலிருந்து திரும்பும்வரை உன் அலுவலக மேஜைமேல் காத்துக் கிடக்கும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் மலையை வைத்து நீ நடத்தும் புவிப்பூங்காவின் மகுடம் என்று மேடைக்கு மேடை சொல்வாயே, அந்தப் பாறை இப்போது என் வீட்டு வாசலில் இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை. வாசற்படிக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு சின்னக் கார் அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. நான் ஒருக்களித்து நடந்தால்தான் வெளியே போக முடிகிறது. அதுவும் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். பூங்காவுக்கு அங்கீகாரத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து வரும் பரிசோதகர்கள் இரண்டு பேரும் சொன்ன தேதிக்கு முன்பே வந்து, இன்று காலை இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டார்கள். பச்சை அட்டை கொடுத்தால் பூங்கா நீடிக்கும், மஞ்சள் என்றால் திருத்திக்கொள்ள அவகாசம், சிவப்பு என்றால் இழுத்து மூடிவிட வேண்டியதுதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சிவப்புதான் என்று ஊரே பேசிக்கொள்கிறது. கொடுக்கட்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: பாறையை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், அப்புறம் உன் பூங்காவுக்குப் பூட்டுப் போட வேண்டும். நடந்ததை உன் அலுவலகத்தார் பூசி மெழுகி எழுதுவார்கள் என்பதால் நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கல்குவாரியை மூடிய பிறகு ஊரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் நீ வந்தாய். "அக்கா, நம்ம மலை சாதாரண மலை இல்ல" என்றாய். சுற்றிலும் இருப்பதெல்லாம் ஒரு வகைக் கல், மேலே ஒற்றையாக நிற்கும் அந்தப் பாறை மட்டும் வேறு வகை, பனியாறு ஒன்று எங்கிருந்தோ அதைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே போட்டுவிட்டு உருகிப் போய்விட்டது என்று சொன்னாய். பிறந்த இடத்தை விட்டு வந்து வேறிடத்தில் நிற்கிறது என்பதற்காக அதற்கு இவ்வளவு மரியாதை. நானும்தான் பிறந்த வீட்டை விட்டு இங்கே வந்து நிற்கிறேன், எனக்கு எவன் பலகை வைத்தான்?

முதலில் "சமூக ஈடுபாட்டுக் கூட்டம்" நடத்தினாய். குவாரியின் பழைய சாப்பாட்டு அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சுவரில் பெரிய வெள்ளைத் தாளை ஒட்டி, ஆளுக்கொரு மஞ்சள் துண்டுச்சீட்டைக் கொடுத்து "உங்க கனவை எழுதுங்க" என்றாய். பேக்கரிக்காரர் "பஸ் நேரத்துக்கு வரணும்" என்று எழுதினார். கிரேன்காரர் "சாக்கடை அடைப்பை எடுக்கணும்" என்று எழுதினார். உன் அத்தான் யோசி யோசியென்று யோசித்து, கடைசியில் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த சீட்டையே ஒட்டிவிட்டு வந்தார். உன் அறிக்கை அச்சாகி வந்ததும் வாங்கிப் பார்த்தேன். "போக்குவரத்து இணைப்பிலும் நீரியலிலும் மக்கள் ஆழ்ந்த ஆர்வம் காட்டினர், சிலர் தங்கள் உணர்வுகளை ஓவியமாகவும் வெளிப்படுத்தினர்" என்று போட்டிருந்தது. பஸ் இன்னும் அதன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. நீரியல் மழைக்காலத்தில் பேக்கரிக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அப்புறம் கடைக்குக் கடை "பூங்காவின் பங்காளி" என்று ஒரு பலகை மாட்டினாய். பங்காளி என்றால் வேலித் தகராறுக்கு வருகிறவன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். பேக்கரிக்காரரைப் பாறை வடிவத்தில் ரொட்டி போடச் சொன்னாய். அவருக்கு வடிவம் கடைசிவரை வரவில்லை, கெட்டி மட்டும் வந்துவிட்டது. அதைக் கடித்துப் பல் போனவர்களைப் பார்த்த பிறகு பல் டாக்டரும் பங்காளிப் பலகை கேட்டு விண்ணப்பித்தார். நீயும் கொடுத்தாய்.

என் வீட்டையாவது விட்டாயா? லாரி டிரைவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மாடி அறைகளுக்கு ஒழுங்காக நம்பர் இருந்தது. அதை அழித்துவிட்டு "பனியுகம்", "எரிமலை" என்று பெயர் எழுத வைத்தாய். பனியுகத்தில் வெந்நீர் வராது. முன்பெல்லாம் டிரைவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள். இப்போது தங்குகிறவர்கள் அதுவும் ஓர் அனுபவம் என்று நினைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எரிமலையில் மின்விசிறி சுற்றாது. அங்கே தங்கியவர் யாரும் இதுவரை சிரிக்கவில்லை.

சுற்றுலாப் பயணிகள் வராமல் இல்லை. வருகிறார்கள். பஸ் என் வீட்டு முன்னால் நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள், மலையை அண்ணாந்து பார்ப்பார்கள், அது எவ்வளவு செங்குத்து என்று தெரிந்துகொள்வார்கள், பிறகு "டாய்லெட் எங்கே?" என்று கேட்பார்கள். வரிசையில் நின்று போய்விட்டு வந்து பஸ் ஏறுவார்கள். உன் பூங்காவில் அதிகம் பேர் பார்வையிட்ட இடம் என் வீட்டுக் கழிவறைதான். அதற்கு ஒரு விளக்கப் பலகை வைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மேலே மட்டும் பலகைக்குமேல் பலகை. பாறையைச் சுற்றிக் கயிறு கட்டி, "தொடாதீர்கள், சாயாதீர்கள், அமராதீர்கள்" என்று எழுதி நட்டுவிட்டாய். அதைப் பார்த்ததும், அதாவது பார்த்தவர்கள் சொல்லக் கேட்டதும், எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை, அது உனக்குத் தெரியும். இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? பனியாறு உருட்டியபோதே ஒன்றும் ஆகாத கல், ஒரு பொம்பளை சாய்ந்தால் தேய்ந்துபோய்விடுமா? பகலெல்லாம் படுக்கை விரித்து, போர்வை துவைத்து, ஒரு மனுஷனுடைய பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் ஒருத்தி அங்கே வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள், பேச்சுக்குத்தான் சொல்கிறேன், அவள் எங்கே சாய்வாள்? உன் பலகையிலா?

அந்த மனுஷன் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷம் குவாரி எடைமேடையில் லாரி லாரியாகக் கல்லை எடைபோட்டவர், ஒரு கல்லையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. குவாரியை மூடியதும் எடைபோட வேறொன்றும் கிடைக்காமல் என்னை எடைபோட ஆரம்பித்தார். "கதவை ஏன் இவ்வளவு சத்தமா சாத்துற? பக்கெட்டை ஏன் அந்தப் பக்கம் வைக்கிற?" என்று விடிந்ததிலிருந்து படுக்கிறவரை பேச்சு. நீ அவரை வழிகாட்டியாக்கித் தொப்பி கொடுத்தபோது, சரி, இனி ஊராருக்குப் பேசுவார் என்று ஆறுதல்பட்டேன். ஊரார்தான் மலையேறுவதில்லையே. மனப்பாடம் செய்த உரையை யாரிடம் ஒப்பிப்பார்? "இங்கே நில்லுங்கள். வலப்பக்கம் பாருங்கள். பனியாறு நகர்ந்து வந்த திசை அது" என்று என் சமையலறையில் நின்று கையை நீட்டுகிறார். நானும் திரும்பிப் பார்த்தேன். பாத்திர அலமாரி இருந்தது.

இப்போது பாறை எப்படி இறங்கியது என்பதற்கு வருகிறேன். "உள்ளூர் வணிகப் பயிற்சி" என்று ஒன்று ஏற்பாடு செய்தாயே, அதற்கு நகரத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், வாய் ஓயாமல் சிரித்தாள். "பொருள் நல்லா இருந்தா மட்டும் போதாது. வாடிக்கையாளர் உங்களைத் தேடி வர மாட்டார். நீங்கதான் பொருளை அவர்கிட்ட கொண்டுபோகணும்" என்று சொல்லிக் கொடுத்தாள். பாவம், பேக்கரிக்காரரின் ரொட்டிக் கூடையை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறாள். பிறகு எல்லோரையும் குழு குழுவாகப் பிரித்தாள். உன் அத்தான், பேக்கரிக்காரர், கிரேன்காரர் மூவரும் ஒரு குழு. நான் பின்வரிசையில் இருந்தேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க முதன்மைப் பொருள் எது?" என்று கேட்டாள்.

"பாறை" என்றார் உன் அத்தான்.

"வெரி குட். அது எங்க இருக்கு?"

"மலை மேல."

"வாடிக்கையாளர் எங்க இருக்கார்?"

"எங்க வீட்டு டாய்லெட்ல."

"அப்ப இந்த இடைவெளியை எப்படிக் குறைக்கப் போறீங்க?"

கிரேன்காரர் மெல்லக் கையைத் தூக்கினார். குவாரி மூடிய நாளிலிருந்து தூக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் துருப்பிடித்துக் கொண்டிருக்கிற கிரேன் அவருடையது. "அது என் பொறுப்பு மேடம்" என்றார். அந்தப் பெண் கைதட்டி, இவர்கள்தான் சிறந்த குழு என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். ஈடுபாடு ஈடுபாடு என்று நீ கேட்டாயே, ஈடுபட்டுவிட்டார்கள்.

நான் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்துக் காரியத்தை முடித்திருக்கிறார்கள். பழைய குவாரிப் பாதையில் கிரேனை ஏற்றி, பாறைக்கு இரும்புச் சங்கிலி போட்டு, லாரியில் வைத்துக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கியாயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். பையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. உன் அத்தான் தொப்பியோடு பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"வாடிக்கையாளர் அணுகல்" என்றார்.

"மேல வச்சிருந்த பலகை?"

"அது அரசாங்கச் சொத்து. அதையெல்லாம் தொடக் கூடாது."

தம்பி, நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் உன் அத்தானிடம் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் சண்டை போட வாய் வரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வாசல் அடைபட்டுவிட்டதே என்ற வருத்தம்தான், வேறென்ன இருக்கிறது? சத்தமாகச் சாத்தினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அணுகல் நன்றாகத்தான் நடந்தது. கழிவறை வரிசையில் நிற்பவர்கள் அதன்மேல் உட்கார்ந்தார்கள், ஈரத் துண்டைக் காயப் போட்டார்கள், குழந்தைக்கு அதன்மேல் வைத்துச் செருப்பு மாட்டினார்கள். "இதான் அந்த உலகப் புகழ்பெற்ற பாறை" என்று உன் அத்தான் சொன்னதற்கு, "ஓ, நாங்க வீடு கட்ட இறக்கின கல்லுன்னு நினைச்சோம்" என்றார் ஒருவர்.

இன்று காலை பரிசோதகர்கள் வந்தார்கள். நெட்டையாக ஒரு ஆண், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க ஒரு பெண். கூடவே உன் துணை இயக்குநர், மொழிபெயர்ப்பதற்கு. நீ அந்த நேரத்தில் மாநாட்டில் "மக்களே காவலர்கள்" என்று பேசிக்கொண்டிருந்திருப்பாய். அல்லது அந்தப் பாறையின் ஒரு பக்கத்தில் இருக்கும் குழிவில் மட்டும் பாசி ஏன் ஒட்டவில்லை, பனியாறு எப்படி அதை வழுவழுவென்று தேய்த்தது என்று நீ எழுதிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்திருப்பாய். காரை விட்டு இறங்கியதும் அந்தப் பெண் தன் பையை வாசல் பாறைமேல் வைத்து, காலைத் தூக்கி அதன்மேலேயே ஊன்றி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டாள். பிறகு எல்லோரும் மலையேறினார்கள். பாறை கீழே இருக்க ஏன் மேலே கூட்டிப் போனீர்கள் என்று நான் பிறகு கேட்டதற்கு, உன் அத்தான் "உரை அங்கதான ஆரம்பிக்குது?" என்கிறார்.

மேலே நடந்ததைப் பேக்கரிக்காரர் வந்து சொன்னார். கயிறு கட்டியபடி இருக்கிறது, நடுவில் குழி, குழியில் மழைத் தண்ணீர். பக்கத்தில் உன் பலகை: "பனியாறு விட்டுச் சென்ற நாள்முதல் இப்பாறை இதே இடத்தில் அசையாமல் நிற்கிறது." உன் அத்தான் குழியைக் காட்டி, ஒரு சொல் விடாமல் முழு உரையையும் சொல்லி முடித்திருக்கிறார். பரிசோதகர்கள் குழியைப் பார்த்தார்களாம், பலகையைப் பார்த்தார்களாம், துணை இயக்குநரைப் பார்த்தார்களாம். அவர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்திருக்கிறார். "பாறை எங்கே?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு, உன் அத்தான் பெருமையாக, "கீழ இருக்கு மேடம். நீங்க ஷூ கட்டினீங்களே, அதுதான்" என்றாராம்.

ஆகவே தம்பி, தெளிவாகச் சொல்கிறேன். சிவப்பு அட்டை வரட்டும். உன் வேலை போனால் போகட்டும். படித்தவன், வேறு எங்காவது போய் வேறு யாரையாவது கனவு எழுதச் சொல்லி வயிறு வளர்த்துக்கொள்வாய். என் வீட்டைப் பங்காளிப் பட்டியலிலிருந்து அடித்துவிடு. பனியுகத்தை மறுபடி ஒன்றாம் நம்பர் ஆக்கிவிடுவேன். உன் அத்தானின் தொப்பியைத் தபாலில் அனுப்பி வைக்கிறேன். மலையும் வேண்டாம், மக்கள் ஈடுபாடும் வேண்டாம். அந்தப் பாறையை மட்டும் எடுத்த இடத்தில் வைக்கச் சொல். எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நான் அந்த மேட்டில் கால் வைத்ததுகூட இல்லை. வாசலை அடைக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெளியில் கண்டதைத் தின்னாதே. உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, கல்லுக்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லாத வேலையில் அமர்ந்து, நீடூழி வாழ வேண்டும்.

உன் அன்புள்ள,
அக்கா

பின்குறிப்பு: ஒட்டி வைத்த உறையைச் சில நாள் கழித்துப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

மஞ்சள் அட்டை கொடுத்துவிட்டார்கள். இத்தனை ஊர் பார்த்திருக்கிறோம், பூங்காவில் இவ்வளவு தீவிரமாக ஈடுபட்ட சமூகத்தைப் பார்த்ததில்லை என்று அந்தப் பெண் சொன்னாளாம். சிரித்துக்கொண்டு சொன்னாளா, நொந்துபோய்ச் சொன்னாளா என்று கேட்டேன், துணை இயக்குநருக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: பாறை பழையபடி அதே குழியில், அதே பக்கம் பார்த்து உட்கார வேண்டும். எந்தப் பக்கம் என்று பார்க்க உன் அலுவலகத்துப் போட்டோ எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டினார்கள். எல்லாப் படத்திலும் பாறைக்கு முன்னால் நீ நிற்கிறாய், உனக்கு முன்னால் மாலையோடு யாரோ ஒரு பெரிய மனிதர் நிற்கிறார். பாறை உன் தோளுக்குப் பின்னால் ஒரு முழங்கை அளவு தெரிகிறது.

கிரேன்காரர் உத்தேசமாகத் தூக்கி இறக்கப் போனார். ஊரே மேலே நின்று வேடிக்கை பார்த்தது. நானும் சும்மா பார்க்கத்தான் போயிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "அப்படி இல்ல, குழிவு மேற்கே பார்க்கணும். கொஞ்சம் பின்னால சாயணும்" என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கிரேனும் அந்தரத்தில் அப்படியே நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் உன் அத்தான்.

நான் கிரேன்காரரைப் பார்த்து, இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"சாயங்காலம் சாயங்காலம் கடைக்குப் போறேன்னு போவியே. அதான் எப்பவும் வெறுங்கையோட வந்தியா?" என்றார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, "நான் அவ்வளவா பேசுறேன்?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தம்பி. கிரேன்காரர் மட்டும் "அக்கா, சாஞ்சு பாருங்க, சரியா இருக்கா?" என்று பத்துத் தடவை கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் சங்கிலியைக் கழற்றினார். முதுகுக்கு இம்மி பிசகாமல் இருக்கிறது.

அதனால் பூங்காவை மூடாதே. மூடினால் குவாரியைத் திறந்துவிடுவார்கள், குவாரிக்காரனுக்குக் குழிவு எது, கல் எது என்று தெரியாது. அறைக்குப் பனியுகம் என்ற பெயரே இருக்கட்டும். தொப்பியையும் அனுப்பவில்லை. உன் அத்தான் தானும் வருவேன் என்கிறார். பாறையின் மறுபக்கத்தில் உட்காரலாம், பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாநாட்டில் படித்த அந்தக் கட்டுரையை மட்டும் எங்கேயும் அச்சுக்குக் கொடுத்துவிடாதே. அந்த இடத்தைத் தேய்த்தது பனியாறு இல்லை, என் முதுகு. "தொடாதீர்கள், சாயாதீர்கள்" பலகையைப் பிடுங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக, மாலை நாலு மணிக்கு மேல் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பலகை உடனே அனுப்பு. காரணம் ஏதாவது அறிவியலாக எழுதிக்கொள், உனக்குத்தான் அது கைவந்த கலை ஆயிற்றே.